பாக்ஸ் மாத்தறதுக்கு முன்னாடி வயரப் பாருங்க: அனலாக் கேபிள்லேந்து டிஜிட்டலுக்கு மாறலாமான்னு கேட்ட வாசகிக்கு பதில்

கேள்வி: எங்க வீட்ல இன்னும் பழைய அனலாக் கேபிள்தான். ஹால்ல ஒரு டியூப் டிவி, மாமனார் ரூம்ல ஒரு சின்ன டிவி, ரெண்டும் ஒரே வயர்லேந்து பிரிச்சுப் போட்டது. டிஜிட்டலுக்கு மாறுங்க, பழசு ரொம்ப நாள் வராதுன்னு கேபிள்காரர் சொல்லிட்டே இருக்கார். டிவி கடைல விசாரிச்சா புது டிவி வாங்கினாத்தான் டிஜிட்டல் தெரியும்ங்கறாங்க. என் வீட்டுக்காரர் இருக்கறதே நல்லாத்தானே தெரியுது, எதுக்கு செலவுங்கறார். மாமனாருக்கு 78 வயசு, சேனல் நம்பரெல்லாம் மனப்பாடம், மாத்திட்டா தடுமாறிடுவாரோன்னு எனக்கு பயமா இருக்கு. மாறலாமா வேண்டாமா?

பதில்:

வணக்கம் சகோதரி. நேரடியாவே சொல்லிடறேன், மாறுங்க. ஆனா புது டிவி வாங்க வேண்டாம், ரெண்டு டிவியையும் ஒரே நாள்ல மாத்த வேண்டாம், பாக்ஸுக்கு பணம் கட்டறதுக்கு முன்னாடி வீட்டுக்குள்ள ஓடற வயர ஒரு தடவை நல்லா பாத்துடுங்க. 20 வருஷத்துக்கு மேல வீடு வீடா போய் ஆன்டெனா, கேபிள், டிஷ்னு மாட்டிக் குடுக்கற வேலை பாக்கறேன். டிஜிட்டலுக்கு மாறிட்டு "பழசே தேவலாம் போலருக்கே"ன்னு கூப்பிட்டவங்க வீட்டுக்கெல்லாம் போய் பாத்தா, முக்கால்வாசி இடத்துல பாக்ஸ் நல்லாத்தான் இருக்கும், வயர்ல கோளாறு இருக்கும், இல்லன்னா வீட்ல இருக்கற பெரியவங்களுக்கு யாரும் உக்காந்து சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க. உங்க கேள்வில இந்த ரெண்டும் வருது, அதனாலதான் கொஞ்சம் நீளமா எழுதறேன்.

முதல்ல அந்த கடைல சொன்னது. டியூப் டிவில டிஜிட்டல் கேபிள் தாராளமா பாக்கலாம். டிஜிட்டல் சிக்னல பிரிச்சு படமா மாத்தற வேலைய செட்டாப் பாக்ஸே செஞ்சுடும், டிவி அத வாங்கிக் காட்டினா போதும். உங்க டிவிக்குப் பின்னாடி (சில மாடல்ல முன்னாடியோ பக்கவாட்டுலயோ இருக்கும்) மஞ்சள், வெள்ளை, சிவப்புன்னு மூணு ஓட்டை இருக்கான்னு பாருங்க, சின்ன டிவின்னா மஞ்சளும் வெள்ளையும் மட்டும் கூட இருக்கலாம், அது போதும். அதே மஞ்சள் ஓட்டை குடுக்கப்போற பாக்ஸ்லயும் இருக்கான்னு மறக்காம கேளுங்க, ஏன்னா இப்ப வர சில பாக்ஸ்ல ஹெச்டிஎம்ஐ மட்டும்தான் வெக்கறாங்க, அத வாங்கிட்டா டியூப் டிவில சொருக இடம் இருக்காது, தனியா ஒரு கன்வெர்ட்டர் வாங்கணும், அதுக்கு ஒரு அடாப்டர், அதுக்கு ஒரு பிளக் பாயின்ட்னு போய்ட்டே இருக்கும். அதனால பாக்ஸ கைல வாங்கி, பின்பக்கம் திருப்பிப் பாத்துட்டு சரின்னு சொல்லுங்க.

இதுலயே நிறைய பேர் குழம்பற இன்னொரு விஷயம், டிஜிட்டல் வேற, ஹெச்டி வேற. சிக்னல் எப்படி வீட்டுக்கு வருதுங்கறது டிஜிட்டல், படத்துல எத்தனை வரி இருக்குங்கறது ஹெச்டி. பழைய டிவி எந்த நாட்டு முறைங்கறதப் பொறுத்து 480 இல்ல 576 வரிதான் கண்ணுக்குத் தெரியும், டிஜிட்டல்ல சாதாரண சேனலும் அதே அளவுதான் வருது. ஹெச்டின்னா 720 இல்ல 1080 வரி. டியூப் டிவிக்கு ஹெச்டி பாக்ஸ் வாங்கிப் போட்டாலும் அது அந்த 480, 576க்குள்ளதான் காட்டும், மாசாமாசம் ஹெச்டிக்கு கட்டற பணம் வீண். இன்னொன்னும் சொல்றேன், பெரிய புது டிவி வாங்கி அதுல சாதாரண சேனல போட்டீங்கன்னா இப்ப ஹால்ல தெரியறத விட மோசமா, மூஞ்சியெல்லாம் வழவழன்னு அழிச்ச மாதிரி தெரியும், ஏன்னா அவ்வளவு கம்மி வரிய அவ்வளவு பெரிய திரைக்கு இழுக்கறாங்க. புது டிவி என்னிக்காவது பழசு ரிப்பேரானா வாங்கிக்கலாம், இப்ப அதுக்கு ஒரு அவசரமும் இல்ல.

கேபிள்காரர் வற்புறுத்தறதுலயும் நியாயம் இருக்கு. அனலாக்ல ஒரே ஒரு சேனலுக்கு 6லேந்து 8 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் இடம் வேணும், அதே இடத்துல டிஜிட்டலா சுருக்கி அனுப்பினா சாதாரண சேனல் 10, அதுக்கு மேலயும் அடைக்கலாம். ரெண்டையும் ஒரே வயர்ல அனுப்பறது அவருக்கு நஷ்டம், அதனால என்னிக்காவது ஒரு நாள் அனலாக்க நிறுத்தத்தான் போறார். ஆன்டெனா ஒளிபரப்புல பல நாட்ல இது எப்பவோ நடந்துடுச்சு, லக்சம்பர்க் 2006லயே முழுசா மாறிடுச்சு, ஜப்பான்ல 2011 ஜூலைல நிறுத்தினாங்க, அந்த வருஷம் நிலநடுக்கம் வந்து அடிபட்ட மூணு மாகாணத்துக்கு மட்டும் 2012 மார்ச் வரைக்கும் விட்டுக் குடுத்தாங்க, பிரிட்டன்ல ஏரியா ஏரியாவா மாத்திட்டு வந்து 2012 அக்டோபர்ல முடிச்சாங்க. அமெரிக்கால முதல்ல வெச்ச தேதி 2009 பிப்ரவரி 17, தயாராகாத வீடு நிறைய இருக்குன்னு அப்புறம் ஜூன் 12க்கு தள்ளினாங்க. கேபிள்ல தேதி வேற மாதிரி வரும், அதெல்லாம் உங்க கேபிள்காரரும் உங்க ஊர் விதியும் முடிவு பண்றது, அதனால அவர்கிட்ட "எந்த தேதில நிறுத்தப் போறீங்க"ன்னு நேராவே கேட்டுடுங்க.

உங்க வீட்டுக்காரர் சொல்றதும் தப்பில்ல. படம் இப்ப நல்லா தெரியுதுன்னா நாளைக்கே ஓடிப்போய் மாத்தணும்னு இல்ல. ஆனா கடைசி வாரம் வரைக்கும் விட்டுடாதீங்க. கடைசி வாரத்துல நான் வேலை பாத்திருக்கேன், ஒரு நாளைக்கு எத்தனை வீடு முடியுமோ அத்தனை வீடுன்னு ஓடுவோம், பாக்ஸ வெச்சு, வயர சொருகி, படம் வந்ததா, சரி கையெழுத்துப் போடுங்கன்னு அடுத்த வீட்டுக்குப் போயிடுவோம், பெரியவங்க ஏதாவது கேட்டா நின்னு பதில் சொல்ல நேரம் இருக்காது. அந்த வாரங்கள்ல போன வீடுகளுக்குத்தான் அடுத்த மாசம் பூரா திரும்பத் திரும்ப போனேன், இன்னிக்கும் அத நெனச்சா வருத்தமா இருக்கு.

இப்ப வயர் விஷயம். அனலாக்ல சிக்னல் கொறஞ்சா படமும் கொஞ்சம் கொஞ்சமா கெடும், கொசு மொய்க்கற மாதிரி புள்ளி வரும், நிழல் விழும், ஆனாலும் என்ன நடக்குதுன்னு புரியும், நாம பழகிடுவோம். டிஜிட்டல் அப்படி இல்ல, அதுல படம் எண்களா மாறித்தான் வருது. சிக்னல் ஓரளவுக்கு கெட்டாக்கூட நடுவுல விட்டுப்போன எண்கள கணக்கு போட்டு சரி பண்ணிக்கற ஏற்பாடு அதுல இருக்கு, அதனால படம் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனா அந்த ஏற்பாடு தாங்கற எல்லைய தாண்டின உடனே கட்டம் கட்டமா உடையும், குரல் விட்டு விட்டு வரும், அப்புறம் படம் அப்படியே நின்னுடும். நேத்து வரைக்கும் சுமாரா தெரிஞ்ச வீட்ல இன்னிக்கு "நோ சிக்னல்"னு வர்றது இதனாலதான். உங்க வயர் இப்ப அந்த எல்லைக்கு எவ்வளவு பக்கத்துல இருக்குன்னு யாருக்கும் தெரியாது, டியூப் டிவில புள்ளி புள்ளியா தெரியற சேனல் ஏதாவது இருந்தா அத குறிச்சு வெச்சுக்கோங்க, அப்படி இருந்தா மாத்தின அப்புறம் தகராறு வர வாய்ப்பு அதிகம்.

ஒரு வீட்ல மழை பெஞ்சா மட்டும் குறிப்பிட்ட சில சேனல் உடையும், மத்ததெல்லாம் ஒண்ணும் ஆகாது. பாக்ஸ ரெண்டு தடவை மாத்திக் குடுத்திருக்காங்க, அப்பவும் அதே கதை. நான் போய் வயர் வர வழியவே பிடிச்சுட்டு போனேன், ஜன்னலுக்கு வெளில சுவரோரமா ஒரு ஜாயின்ட், கனெக்டர் போடாம வயர முறுக்கி கருப்பு டேப் சுத்தி விட்டிருந்தாங்க. டேப்ப பிரிச்சா உள்ள செம்பெல்லாம் பச்சை பூத்து கிடக்கு, வெளிப்பின்னல்லேந்து முடி மாதிரி ஒரு இழை நடுக்கம்பிய தொட்டுட்டு இருக்கு, வயர சாய்ச்சா ரெண்டு சொட்டு தண்ணி என் உள்ளங்கைல விழுந்துச்சு. கெட்டுப்போன துண்ட வெட்டி எறிஞ்சுட்டு ரெண்டு பக்கமும் புது கனெக்டர் போட்டு இணைச்சேன், கால் மணி நேர வேலை. டிஜிட்டல்ல சேனலெல்லாம் கட்டுக் கட்டா வருது, ஒரு அலைவரிசைல (ஃப்ரீக்வென்சில) ஒரு கட்டு. வயர் ஒரு அலைவரிசைல மட்டும் சொதப்பினா அந்த கட்டுல இருக்கற சேனல் மட்டும் மொத்தமா உடையும். அதனால உங்க வீட்லயும் நாலஞ்சு சேனல் மட்டும் சேந்து உடைஞ்சுதுன்னா பாக்ஸ மாத்தறதுக்கு முன்னாடி வயர சந்தேகப்படுங்க.

உங்க வீட்ல ஒரே வயர ரெண்டா பிரிச்சிருக்கறதா சொல்றீங்க. எப்படி பிரிச்சிருக்காங்கன்னு பாருங்க. சின்ன உலோக டப்பா மாதிரி ஒரு ஸ்பிளிட்டர், அதுல திருகி மாட்டற கனெக்டர்னு இருந்தா சரி, வெறுமனே வயரோட வயர முறுக்கி விட்டிருந்தா டிஜிட்டல் அத தாங்காது. நல்ல ஸ்பிளிட்டர் போட்டாலும் ரெண்டா பிரிச்சா ஒவ்வொரு பக்கமும் பாதிக்கும் கொஞ்சம் கம்மியாத்தான் சிக்னல் போகும், நாலு வழி ஸ்பிளிட்டர்னா கால்வாசிக்கும் கம்மி. எனக்குத் தெரிஞ்ச எத்தனையோ வீட்ல டிவி ரெண்டுதான் இருக்கும், ஸ்பிளிட்டர் நாலு வழி, மீதி ரெண்டு சும்மா தொங்கிட்டு இருக்கும், அத ரெண்டு வழியா மாத்தினதுமே பிரச்சனை தீந்திருக்கு. வயரும் ரொம்ப பழசா மெல்லிசா இருந்தா ஆர்ஜி 6னு கேட்டு மாத்திக்கோங்க, ஒரு தடவை செலவு, நாளைக்கு நெட் கனெக்‌ஷன் கேபிள்ல வந்தாலும் அதே வயர் ஆகும். யாராவது பூஸ்டர் (சிக்னல பெருசாக்கற டப்பா) போட்டா சரியாயிடும்னு சொன்னா உடனே ஒத்துக்காதீங்க. கெட்ட ஜாயின்ட்டுக்கு அப்புறம் பூஸ்டர் போட்டா கெட்டதும் சேந்து பெருசாகும், சிக்னல் தேவைக்கு மேல போனாலும் டிஜிட்டல் உடையும்.

ரெண்டாவது டிவி பத்தி கேபிள்காரர் சொன்னாரான்னு நீங்க எழுதல, அதனால நான் சொல்லிடறேன். அனலாக்ல வயர எத்தனையா பிரிச்சாலும் ஒவ்வொரு டிவிலயும் வேற வேற சேனல் பாக்கலாம். டிஜிட்டல்ல ஒவ்வொரு டிவிக்கும் தனி பாக்ஸ் வேணும், பெரும்பாலும் தனி மாசச் சந்தாவும் வரும். ஒரே பாக்ஸ்லேந்து ரெண்டு டிவிக்கு வயர் இழுக்கலாம், ஆனா ஹால்ல என்ன ஓடுதோ அதேதான் மாமனார் ரூம்லயும் ஓடும், அது அவருக்கு ரொம்ப கஷ்டம், தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க. செலவு கணக்கு போடும்போது ரெண்டு பாக்ஸுக்கும் சேத்தே போடுங்க, கரன்ட்டையும் சேத்துக்கோங்க, 10 வாட் பாக்ஸ் ஒண்ணு ராத்திரி பகல்னு ஆன்லயே இருந்தா வருஷத்துக்கு ஏறக்குறைய 88 யூனிட் ஆகுது, ஸ்டான்ட்பைல போட்டாலும் சில பாக்ஸ் பெருசா குறைக்கறதில்ல, ராத்திரி சுவிட்சிலயே அணைச்சுடறது நல்லது. பாக்ஸ் உங்களுக்கு சொந்தமா இல்ல வாடகையா, கெட்டா யார் மாத்தித் தரணும், நடுவுல வேற கம்பெனிக்கு போனா முன்பணம் திரும்ப வருமா, இதெல்லாம் ரசீதுலயே எழுதி வாங்குங்க. ஒரு கம்பெனி பாக்ஸ் பெரும்பாலும் இன்னொரு கம்பெனி சிக்னல்ல வேலை செய்யாது, சேனலெல்லாம் பூட்டித்தான் அனுப்பறாங்க, அந்த சாவி அவங்க பாக்ஸ்ல மட்டும்தான் இருக்கு.

டிஷ்ஷுக்கோ இன்டர்நெட்டுக்கோ போயிடலாமான்னு வீட்ல பேச்சு வந்தா, டிஷ் நல்லதுதான், ஆனா கனமழைல கொஞ்ச நேரம் படம் போகும், வானத்த மறைக்காத இடமும் வேணும். இன்டர்நெட்ல பாக்க ஹெச்டிக்கு 5 எம்பிபிஎஸ் வாக்குல வேகம் நிலையா வேணும், டியூப் டிவில நேரா வராது, 78 வயசுல அந்த மெனுவெல்லாம் புதுசா பழகணும். உங்க வீட்டு நிலைமைக்கு கேபிள்லயே இருங்கன்னுதான் சொல்லுவேன்.

இனி மாமனார். உங்க கடிதத்துல எனக்கு ரொம்ப முக்கியமா பட்டது இதுதான். அவர் தடுமாறுவார்னு நீங்க பயப்படறது சரி, ஆனா எதுல தடுமாறுவார்னு தெரிஞ்சா தடுத்துடலாம். முதல் விஷயம், நம்பரெல்லாம் மாறிடும். ரெண்டாவது, ரெண்டு ரிமோட் வரும். பழக்கத்துல டிவி ரிமோட்ல சேனல் நம்பர அமுக்குவார், டிவி ஏவிய (பாக்ஸ் படம் வர அந்த மஞ்சள் ஓட்டை இணைப்ப) விட்டு வெளில வந்துடும், திரை நீலமாவோ புள்ளியாவோ ஆகிடும், எதை அமுக்கினாலும் படம் வராது. பெரியவங்க வீட்லேந்து எனக்கு வர போன்ல பாதிக்கு மேல இதுதான். அதனால பாக்ஸ் ரிமோட்லயே டிவியோட ஆன் ஆஃப், வால்யூம் பட்டன பழக்கி விட முடியுமான்னு கேளுங்க, நிறைய ரிமோட்ல மேல ஒரு மூலைல அதுக்குன்னு நாலஞ்சு பட்டன் தனியா இருக்கும். அது முடிஞ்சதும் டிவி ரிமோட்ட எடுத்து அவர் கைக்கு எட்டாத இடத்துல பத்திரமா வெச்சுடுங்க. மூணாவது, டிஜிட்டல்ல சேனல் மாத்தினா படம் வர ஒண்ணு ரெண்டு செகண்ட் ஆகும், பாக்ஸ் அடுத்த முழுப் படம் வரட்டும்னு காத்திருந்து, பூட்டையும் திறந்து, அப்புறம்தான் காட்டும். அவர் அமுங்கலையோன்னு நெனச்சு திரும்பத் திரும்ப அமுக்குவார், பாக்ஸ் எங்கயோ போய் நிக்கும். ஒரு தடவை அமுக்கிட்டு கைய எடுத்துடுங்க, மனசுக்குள்ள மூணு எண்ணுங்கன்னு சொல்லிக் குடுங்க, இத மட்டும் பக்கத்துல உக்காந்து பத்து தடவை செஞ்சு காட்டுங்க.

ஒரு பெரியவர் வீட்ல பாத்தேன், பழைய ரிமோட் முதுகுல ஒரு பேப்பர் துண்டு ஒட்டி பென்சில்ல 4, 7, 11னு அஞ்சாறு நம்பர் எழுதி வெச்சிருந்தார், கை படற இடம் அழிஞ்சு அழிஞ்சு மேல மேல எழுதியிருக்கார். புது பாக்ஸ்ல அதே சேனலெல்லாம் 100, 200னு மூணு இலக்கத்துல வருது. நான் ஃபேவரிட் லிஸ்ட்ல அவர் பாக்கற ஆறு சேனல மட்டும் போட்டு, அந்த பட்டன் மேல சின்னதா ஒரு துண்டு டேப் ஒட்டி விட்டேன், விரல் வெச்சா தட்டுப்படற மாதிரி. புது நம்பர நான் எழுதித் தரேன்னு சொன்னதுக்கு, குடுங்க நானே எழுதறேன்னு பேப்பர வாங்கி எழுதிக்கிட்டார். அதுக்கப்புறம் அந்த வீட்லேந்து ரிமோட்டுக்காக போனே வரல. உங்க மாமனாருக்கும் அப்படியே செய்ங்க, அவர் தினமும் பாக்கற சேனல் எது எதுன்னு இப்பவே ஒரு வாரம் கவனிச்சு குறிச்சுக்கோங்க, எடுக்கப்போற பேக்கேஜ்ல அதெல்லாம் இருக்கான்னு அந்த லிஸ்ட்ட வெச்சே கேபிள்காரர்கிட்ட சரி பாருங்க.

அதனால என் யோசனை, முதல்ல ஹால் டிவிக்கு மட்டும் ஒரு பாக்ஸ் வாங்குங்க. கேபிள்காரர் ரெண்டு சிக்னலும் அனுப்பிட்டு இருக்கற வரைக்கும் மாமனார் ரூம்ல பழசே ஓடட்டும், அதே வயர்ல ரெண்டும் வரும், ஒண்ணுக்கு ஒண்ணு இடைஞ்சல் இல்ல. ஒரு மாசம் ஹால்ல அவரும் உங்களோட உக்காந்து பாக்கட்டும், நடுநடுவுல ரிமோட்ட அவர் கைல குடுங்க. மாட்டற அன்னிக்கே மெனுல சிக்னல் பக்கத்த திறந்து காட்டச் சொல்லுங்க, ஸ்ட்ரென்த், குவாலிட்டின்னு ரெண்டு இருக்கும், குவாலிட்டிதான் முக்கியம், நாலஞ்சு சேனல்ல எவ்வளவு காட்டுதுன்னு தேதியோட ஒரு நோட்ல எழுதி வைங்க, பின்னாடி உடைஞ்சா அந்த எண்ண காட்டி பேசலாம். மூஞ்சியெல்லாம் நீளமா ஒல்லியா தெரிஞ்சா பாக்ஸ் மெனுல திரை அளவு 16:9ல இருக்கும், டியூப் டிவிக்கு 4:3னு மாத்தச் சொல்லுங்க. பாக்ஸ டிவி தலை மேல வெக்காதீங்க, துணி போட்டும் மூடாதீங்க, ரெண்டும் சூடாகற சாமான், பக்கத்துல காத்து போற மாதிரி ஒரு பலகைல வைங்க.

மாமனார் ரூமுக்கு பாக்ஸ் மாட்ட, நீங்களோ உங்க வீட்டுக்காரரோ நாள் முழுக்க வீட்ல இருக்கற நாளா பாத்து ஆள வரச் சொல்லுங்க, காலைலயே வரச் சொல்லுங்க. ஹால்ல இருக்கற அதே மாடல் பாக்ஸா கேட்டு வாங்குங்க, ரிமோட் ஒண்ணா இருந்தா அவர் கத்துக்கிட்டது அங்கயும் அப்படியே ஆகும்.